கூட்டிப்போக ஆள் இல்லை: மதுரை வட்டாரத்தில் முதியோர் சேவைகள்

முதியோருக்கென்று தமிழ்நாட்டில் இருக்கும் திட்டங்களை எழுதத் தொடங்கினால் ஒரு பக்கம் போதாது. மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம், விலையில்லா அரிசி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை, சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு, வீடு தேடி வரும் மாத்திரை, பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்க ஒரு சட்டம், 14567 என்று ஓர் உதவி எண். மதுரைக்கு இவற்றோடு கூடுதல் பேறுகளும் உண்டு: பெரியாஸ்பத்திரி என்று ஊர் அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனை, உலகறிந்த அரவிந்த் கண் மருத்துவமனை, தெருவில் கிடப்பவர்களுக்குச் சோறு கொண்டுபோன அட்சயா அறக்கட்டளை.

இத்தனை இருந்தும் உசிலம்பட்டி, பேரையூர், கள்ளிக்குடிப் பக்கத்து ஊர்களில் எண்பதைத் தொட்ட ஒருவரிடம், ஏன் டாக்டரிடம் காட்டவில்லை, ஏன் மனு எழுதிப் போடவில்லை என்று கேட்டால் ஒரு பதில் அடிக்கடி காதில் விழும்: "கூட்டிப்போக ஆள் இல்லப்பா." காசு இல்லை, திட்டம் தெரியாது என்பவை அதற்குப் பிறகு வருகின்றன. உள்ளூர்ச் சேவைகள் எங்கே முதியவரை எட்டுகின்றன, எங்கே எட்டாமல் நின்றுவிடுகின்றன என்ற கேள்வியை இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கமான இரண்டு விளக்கங்கள்

முதியோர் பிரச்சினை என்றதும் பட்டிமன்ற மேடையிலும் சினிமாவிலும் முதலில் எழும் குரல், பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள் என்பது. இந்த வட்டாரத்தில் அதற்கு ஒரு கொடிய சான்றும் காட்டப்படுகிறது. படுக்கையில் விழுந்துவிட்ட முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து உயிரைப் பிரியவைக்கும் தலைக்கூத்தல், 2010இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த நாளிதழ்ச் செய்திகளால் நாடெங்கும் பேசப்பட்டது. 'பாரம்', 'கே.டி. (எ) கருப்புதுரை', 'தலைக்கூத்தல்' எனப் படங்கள் அடுத்தடுத்து வந்தன. 'பாரம்' சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது.

தலைக்கூத்தல் கொலை. அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அதைப் பிள்ளைகளின் கல்மனதுக்கு மட்டும் சான்றாக வைப்பது பாதி உண்மையையே தருகிறது. பல மாதம் மலசலம் அள்ளவேண்டிய நிலையில் ஒருவர் கிடக்க, வீட்டில் இருக்கும் இரண்டு பேரும் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில், அந்த ஊருக்கு வலி குறைக்கும் மருத்துவமோ படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைக்கும் ஒரு செவிலியரோ வந்ததுண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். சினிமா இந்தக் கேள்வியை ஓரளவு கேட்டது. மேடைகள் கேட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது விளக்கம் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 75 லட்சம் பேர். 2031இல் இது 18.2 விழுக்காடாகும் என்பது மத்திய அரசின் வல்லுநர் குழு மதிப்பீடு. பிறப்பு குறைந்தது, ஆயுள் கூடியது, பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள்; ஆகவே பணமும் திட்டமும் போதவில்லை என்று இந்த வாதம் நகரும். எண்கள் சரியானவை. முடிவில்தான் ஒரு சறுக்கல் இருக்கிறது. இந்தக் கணக்கில் முதியவர் வெறும் சுமையாகவே நிற்கிறார்.

சென்னையின் குடிசைப் பகுதிகளில் நீண்டகாலம் களப்பணி செய்த மானிடவியலாளர் பென்னி வேரா-சான்சோ இதை மறுத்தவர்களில் முக்கியமானவர். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் பிடித்து வைத்து, பாட்டி வீட்டைக் காப்பதால்தான் மருமகள் வேலைக்குப் போக முடிகிறது. ஏழை வீட்டு முதியவர்கள் உழைப்பை நிறுத்துவதே இல்லை என்பது அவர் வாதம். மதுரையில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். பூக்கட்டும் கைகளில் எத்தனை நரம்பெடுத்த கைகள் என்று மாட்டுத்தாவணி மலர் வணிக வளாகத்துக்கு வெளியே நின்று பார்த்தால் போதும். அண்ணா பேருந்து நிலையம் அருகே பத்து ரூபாய்க்குச் சாப்பாடு போட்ட ராமு தாத்தா, 2020இல் இறக்கும்போது தொண்ணூறு வயதைக் கடந்திருந்தார்.

ஆக, பிள்ளைகள் மோசம் என்பதும் திட்டம் போதாது என்பதும் பாதித் தூரம்தான் வருகின்றன. மீதித் தூரத்துக்கு மதுரையிலேயே செய்யப்பட்ட ஒரு பழைய சோதனை வழிகாட்டுகிறது.

இலவசம் என்றபோதும் வராதவர்கள்

டாக்டர் கோ. வெங்கடசாமி 1918 அக்டோபர் 1 அன்று எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்தவர். (அந்த அக்டோபர் 1ஐத்தான் ஐ.நா. பின்னாளில் உலக முதியோர் நாளாக அறிவித்தது. தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம்.) முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அரசுப் பணியில் கண் மருத்துவராகி, 58 வயதில் ஓய்வுபெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். கண்புரை பெரும்பாலும் முதுமையின் நோய் என்பதால், அரவிந்தின் வரலாற்றை முதியோர் சேவையின் வரலாறாகவும் படிக்கலாம். அப்படிப் படித்தவர்கள் குறைவு.

அங்கே எழுந்த புதிர் இதுதான். ஊருக்கே போய் முகாம் போட்டாயிற்று. அறுவை சிகிச்சை இலவசம். ஆனாலும் பார்வை மங்கியவர்களில் பெரும்பகுதியினர் வரவில்லை. மதுரை வட்டாரக் கிராமங்களில் நடந்து 1991இல் வெளியான ஒரு கள ஆய்வு இதை முறையாகச் சோதித்தது. சில ஊர்களில் சிகிச்சை மட்டும் இலவசம். வேறு சில ஊர்களில் போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்து. செய்தி சொல்லும் முறையிலும் வேறுபாடு வைத்தார்கள். அறுவை செய்து பார்வை திரும்பிய ஒருவரையே வீடு வீடாக அனுப்பிப் பேசவைத்ததும் அதில் ஒன்று. பயணமும் உணவும் சேர்ந்தபோதுதான் கூடுதல் பேர் வந்தனர். 1999இல் வெளியான இன்னொரு ஆய்வு மேலும் கறாரான உண்மையைச் சொன்னது: கண் பிரச்சினை உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடுதான்.

"வயசாச்சு, இனி பார்த்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு, கத்தி வைப்பார்கள் என்ற பயம், கூடப் போகும் மகனுக்கு இரண்டு நாள் கூலி போகும் என்ற கணக்கு, எல்லாம் சேர்ந்துதான் அந்த மீதி 93 விழுக்காட்டினரை வீட்டில் உட்கார வைத்தன. இதற்கு அரவிந்த் கண்ட விடை மருத்துவ நூலில் உள்ளதல்ல. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் முகாம். செலவை உள்ளூர் வணிகரோ லயன்ஸ் சங்கமோ ஏற்கும். கண்ணைப் பரிசோதித்து, அறுவை தேவைப்படுவோரை அன்றைக்கே பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், தங்கவைத்து, சோறு போட்டு, அறுவை முடிந்ததும் திரும்பவும் ஊரில் கொண்டுவந்து இறக்கிவிடுவது.

இதில் கவனிக்கவேண்டியது பேருந்துக்குள் இருக்கும் கூட்டம். ஒரே ஊர், பக்கத்து ஊர்க்காரர்கள் பத்திருபது பேர் ஒன்றாகப் போகிறார்கள். பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் சம்பந்தி வீட்டுக்காரராக இருப்பார். ஒரு கண்ணில் கட்டுப் போட்டவரை மறு கண் தெரிகிறவர் கைபிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவார். மகன் லீவு போடவேண்டியதில்லை. துணை என்பது தனியாக ஏற்பாடு செய்யவேண்டிய ஒன்றாக இல்லாமல், பயணத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. 2004 முதல் சிற்றூர்களை ஒட்டி அரவிந்த் திறந்த பார்வை மையங்களும் இதே தர்க்கத்தின் நீட்சி: பக்கத்திலேயே ஒரு பரிசோதனை அறை, மதுரையிலிருக்கும் மருத்துவர் கணினித் திரையில்.

மணியார்டரும் கைரேகையும்

இந்த அளவுகோலை முதியோர் ஓய்வூதியத்தின் மீது வைத்தால் வேறு படம் கிடைக்கிறது. விருதுநகர்க்காரரான காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1962 ஏப்ரலில், மாதம் 20 ரூபாயோடு தமிழ்நாட்டில் இது தொடங்கியது. மத்திய அரசு 1995இல்தான் தேசிய அளவில் இதற்கு வந்தது. 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாய். இதில் 60 முதல் 79 வயதுக்காரருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அந்தத் தொகை அசையவில்லை. அதுவும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும். மீதியை மாநிலமே சுமக்கிறது.

பல பத்தாண்டுகள் இந்தப் பணம் மணியார்டராக வந்தது. தபால்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டு எண்ணிக் கொடுப்பார். ஐந்தோ பத்தோ எடுத்துக்கொள்கிறார் என்ற முணுமுணுப்பும் ஊருக்கு ஊர் இருந்தது. அந்தக் கசிவை அடைக்கத்தான் வங்கிக் கணக்கும், வங்கியின் ஊர் முகவர் கொண்டுவரும் கைரேகைக் கருவியும் வந்தன. ஊழலைக் குறைக்கும் நோக்கில் இது நியாயமான மாற்றமே.

ஆனால் அறுபது வருடம் களையெடுத்த, கல் சுமந்த, சாணி தட்டிய விரலில் ரேகை மிஞ்சுவதில்லை. ரேஷன் கடையில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கிழவி விரலை முந்தானையில் துடைத்து வைக்கிறாள், கருவி மறுக்கிறது. கொஞ்சம் தண்ணீர் தொட்டு வைக்கச் சொல்கிறார்கள், மறுக்கிறது. அடுத்த விரல், அதற்கடுத்த விரல். பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுகிறார். "ரேகை விழல ஆத்தா, நாளைக்கு வா" என்பதோடு முடிகிறது. நாளைக்கு வர இன்னொரு முறை பேரனைக் கெஞ்ச வேண்டும். மணியார்டர் காலத்தில் நடந்தவர் தபால்காரர். இப்போது நடப்பவர் பயனாளி. இந்த இடமாற்றத்தின் விலை எந்த அறிக்கையிலும் செலவாகக் காட்டப்படுவதில்லை.

மனுப்போடும் கட்டமும் அப்படித்தான். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர் என்று படிகள். இ-சேவை மையம் வந்தபிறகு அலைச்சல் குறைந்திருக்கலாம், ஆனால் படிக்கவும் செல்போனில் வரும் ஓ.டி.பி.யைச் சொல்லவும் யாராவது வேண்டும். இதையெல்லாம்விட ஆழமான சிக்கல், ஆதரவற்றவர் என்ற தகுதி. மகன் பெயர் ரேஷன் கார்டில் இருந்தால் ஆதரவு இருக்கிறது என்று காகிதம் சொல்கிறது. அந்த மகன் சோறு போடுகிறானா என்று காகிதத்துக்குத் தெரியாது.

காகிதத்தைத் தாண்டுவது பேர்பெற்றவருக்கும் எளிதல்ல. அழகர்கோயில் பக்கத்துப் புல்லுச்சேரியின் சின்னப்பிள்ளையை நாடு அறியும். களஞ்சியம் என்ற மகளிர் சுய உதவிக்குழு இயக்கத்தின் தலைவி, 2001இல் தில்லி மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019இல் பத்மஸ்ரீ. அப்படிப்பட்டவரே வீடு தருவதாகச் சொன்னது கிடைக்கவில்லை என்று 2024இல் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான், முதல்வர் ஸ்டாலின் வீடு கட்டித்தரும் அறிவிப்பை வெளியிட்டார். பத்மஸ்ரீக்கே ஒரு செய்தி தேவைப்பட்டது என்றால், மற்றவர்களுக்கு என்ன தேவைப்படும் என்பதை ஊகிக்கலாம்.

சோறு போகும் திசை

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் அமுதசுரபியைப் பெறுவது மதுரையில்தான். பார்வையற்றவர், கேளாதவர், கால் முடங்கியவர், பேணுவார் இல்லாதவர், நோயுற்றவர் எல்லாரையும் அவன் அழைத்து உண்ணவைக்கிறான். அந்தப் பட்டியலில் பேணுவார் இல்லாமையும் ஓர் ஊனமாகவே சேர்ந்து நிற்பதைக் கவனிக்கலாம்.

இதே நகரில் நாராயணன் கிருஷ்ணன் செய்தது ஆபுத்திரனைவிட ஓர் அடி முன்னே போனது. நட்சத்திர விடுதிச் சமையல்காரரான அவர், 2002இல் மதுரைத் தெருவில் ஒரு முதியவர் தன் மலத்தையே உண்பதைப் பார்த்தார். வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு அடுத்த ஆண்டு அட்சயாவைத் தொடங்கினார். 2010இல் சி.என்.என். நாயகர் பட்டியலின் முதல் பத்தில் அவர் பெயர் வந்தது. மலையாளத்தில் வந்த 'உஸ்தாத் ஹோட்டல்' அவரைத் திரையில் கொண்டுவந்தது. புகழுக்கு அப்பால் இரண்டு செய்திகள் இங்கே முக்கியம். உணவை வேனில் ஏற்றி, மரத்தடிக்கும் பாலத்தடிக்கும் கொண்டுபோனார். முடிவெட்டவும் சவரம் செய்யவும் கற்றுக்கொண்டு, சடைபிடித்த தலைகளைத் தன் கையாலேயே சுத்தம் செய்தார். தேவைப்பட்டது சோறு மட்டுமில்லை, தொடுவதற்கு ஓர் ஆள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

அரசு ஏற்பாட்டில் திசை நெடுங்காலம் எதிராகவே இருந்தது. 1983இல் எம்.ஜி.ஆர். அரசு ஓய்வூதியம் பெறும் முதியோரையும் சத்துணவுத் திட்டத்தில் சேர்த்தது. நல்ல எண்ணம். ஆனால் பள்ளிப் பிள்ளைகளோடு தட்டேந்தி வரிசையில் நிற்க ரோசம் இடம்கொடுப்பதில்லை. தவிர, மையத்தில் சாப்பிடுவோருக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதோருக்கு 4 கிலோ என்ற விதி, வராமல் இருப்பதையே லாபமாக்கிவிட்டது. 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டம்தான் திசையைத் திருப்பியது. தொடங்கியபோது 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறுகளில் ரேஷன் பொருள்கள் வீட்டுக்கே போயின. எடைத் தராசும் கைரேகைக் கருவியும் வண்டியிலேயே வருகின்றன. ரேகை விழாத சிக்கல் அப்படியே இருந்தாலும், அதைத் தீர்க்கவேண்டிய பொறுப்பு இனி வண்டியில் வந்தவருடையது.

மாத்திரை கொண்டுவரும் பெண்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், முதியோர் சேவையாக அறிவிக்கப்பட்டதல்ல; தொற்றாநோய்த் திட்டம். நடைமுறையில் முதியோருக்கு வந்த ஏற்பாடுகளில் இதுவே சிறந்தது என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை. மகளிர் குழுவிலிருந்து வரும் பெண், பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். படுக்கையில் இருப்பவருக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வருகின்றன. 2024இல் ஐ.நா. அமைப்பு இதற்கு விருது தந்தது.

விருதுக் குறிப்பில் இடம்பெறாத ஒன்றும் நடக்கிறது. அந்தப் பெண் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். திண்ணையில் உட்காருகிறார். பொழுதுக்கும் பேச ஆள் கிடைக்காத ஒருவர் அவரிடம் பத்து நிமிடம் பேசுகிறார். சாப்பிடாமல் கிடக்கிறார், கால் வீங்கியிருக்கிறது, நேற்றுக் கட்டிய அதே சேலை என்பதை மருத்துவத்துக்கு முன்பே அவர் கண் பார்த்துவிடுகிறது. இவ்வளவு செய்பவருக்குக் கிடைப்பது சம்பளமல்ல, சொற்ப ஊக்கத்தொகை. தலைக்கூத்தலை வெட்கக்கேடு என்று கண்டிப்பவர்கள், அதற்கு மாற்றாக வாசலில் வந்து நிற்கும் இந்தப் பெண்ணின் ஊதியத்தைப் பற்றியும் பேசலாம்.

வாழ்வின் கடைசி வாரங்களுக்கென்று இடம் தரும் முயற்சிகளும் மதுரையில் உண்டு. கொலுப் பொம்மைக்குப் பேர்போன விளாச்சேரியில் ஐஸ்வர்யம் அறக்கட்டளையின் நேத்ராவதி மையம், குணமாக்க முடியாத நோயாளிகளைக் கட்டணமின்றிப் பராமரிக்கிறது. ஒரு மாவட்டத்தின் தேவைக்கு ஓரிரு மையங்கள் எம்மாத்திரம்?

சட்டம் கேட்கும் துணிவு

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் காகிதத்தில் எளிமையானது. ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயம், வக்கீல் வேண்டியதில்லை, மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை. கவனித்துக்கொள்ளாத பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த சொத்தை 23ஆம் பிரிவின்கீழ் திரும்பப் பெறலாம். பத்திரத்திலேயே அந்த நிபந்தனை எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஊசலாடின. உச்ச நீதிமன்றம் 2022இல் இறுக்கமாகவும், 2025 ஜனவரியில் முதியோருக்குச் சாதகமான தாராளத்தோடும் சட்டத்தைப் படித்தது. அன்பின் பேரில் எழுதிக்கொடுப்பதிலேயே அந்த நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்று 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று சொன்னது.

தீர்ப்புகள் வரவேற்கத்தக்கவை. ஆனால் "பெத்த பிள்ளை மேல கேஸா?" என்ற தயக்கத்தைத் தாண்டி ஆர்.டி.ஓ. அலுவலகப் படியேறும் தாய்மார்கள் எத்தனை பேர்? வழக்குப் போட்டுவிட்டு இரவு அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். முதியவர் சார்பில் ஓர் அமைப்போ வேறொருவரோ விண்ணப்பிக்கலாம், தீர்ப்பாயமே தானாக எடுத்துக்கொள்ளலாம் என்று 5ஆம் பிரிவு இடம் தந்திருக்கிறது. தனியாக வசிக்கும் முதியோர் பட்டியலைக் காவல் நிலையங்கள் வைத்திருந்து மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகளும் சொல்கின்றன. சட்டத்துக்குள்ளேயே துணை எழுதப்பட்டிருக்கிறது. அதைத்தான் யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை.

இனிச் செய்ய வேண்டியது

2025-26 நிதிநிலை அறிக்கையில் 10 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட 25 அன்புச்சோலை பகல்நேர மையங்கள், அதே ஆண்டு நவம்பரில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டன. மதுரையும் பயன்பெறும் நகரங்களில் ஒன்று. இத்தகைய மையத்தின் வெற்றியை கேரம் போர்டும் தொலைக்காட்சியும் தீர்மானிக்கப்போவதில்லை. செல்லூரிலோ ஆரப்பாளையத்திலோ மாடியில் குடியிருக்கும் எழுபத்தைந்து வயதுக்காரரைக் காலையில் யார் இறக்கிக் கூட்டிவருவார், மாலையில் யார் கொண்டுபோய் விடுவார் என்பதே தீர்மானிக்கும்.

பயணச் செலவைப் பொறுத்தவரை ஒரு விந்தை இருக்கிறது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எனவே பெரியாஸ்பத்திரிக்கு மாதாமாதம் போகும் தம்பதியில் பாட்டிக்கு இலவசம், தாத்தாவுக்கு டிக்கெட். சென்னை மாநகரப் பேருந்துகளில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு 2016 முதல் மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு. மதுரை முதியவருக்கும் அதைத் தருவதற்குப் பெரிய சிந்தனை தேவையில்லை.

மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள் இருக்கின்றன. வார்டுக்கு ஒருவர் வீதம், ஊராட்சிக்கு ஒருவர் வீதம், முதியவரை மருத்துவமனைக்கும் வங்கிக்கும் தாலுகா ஆபீஸுக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதையே வேலையாகக் கொண்ட, மாதச் சம்பளம் பெறும் ஒரு பணியாளரை நியமிப்பது புதிய கட்டடம் எதையும் கேட்காது. மக்களைத் தேடி மருத்துவத்துக்குப் பழகிய பெண்களிலிருந்தே அவர்களைத் தேர்ந்தெடுக்கலாம். அடுத்த நிதிநிலை அறிக்கையில் முதியோருக்கென இன்னொரு பெயர்ப்பலகையை நடுவதற்கு முன், அரசு இந்த ஒரு பணியிடத்தை உருவாக்க வேண்டும். அதுவரை, தெரிந்த முதியவர் யாருக்கேனும் உதவி தேவைப்பட்டால் வாசகர்கள் 14567ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். அவரைத் தனியாக அழைக்கச் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து அழைத்துக் கொடுங்கள்.